தகவல் தந்தவர்: மனைவி

மனநலப் புறநோயாளிப் பிரிவில் எழுதப்படும் கேஸ் ஷீட்டை யாரும் ஓர் எழுத்தாக எண்ணிப் படிப்பதில்லை. பெயர், வயது, ஊர், தொழில், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்று போகும் அந்தத் தாளில் ஆரம்பத்திலேயே ஒரு வரி உண்டு: தகவல் தந்தவர். குடிநோய்க்காக வந்த ஆணின் தாள் என்றால் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும். மனைவி. அதை அடுத்து, அவர் சொன்னது நம்பத்தக்கதா, போதுமானதா என்று மருத்துவர் குறிக்க வேண்டும். மனநல மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படும் பழக்கம் இது.

மீன் விற்கும் ஒரு பெண்ணின் சொல்லை 'நம்பத்தக்கது' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் காகிதம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? காவல் நிலையத்தில் அவள் கொடுக்கும் புகார் 'குடும்பத் தகராறு' ஆகிவிடும். ஊர்க்கூட்டத்தில் அவள் ஓரமாக நிற்க வேண்டும். இந்தத் தாளில் மட்டும் அவள் சாட்சி. முதன்முதலில் அந்த வரியைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் அதன் கணக்கு புரிந்தது. அவனைப் பற்றிப் பேசும்வரை அவள் நம்பத்தக்கவள். எத்தனை மணிக்குக் குடிக்கிறான், எவ்வளவு, கை நடுங்குகிறதா, வலிப்பு வந்ததா, சந்தேகப்படுகிறானா, அடிக்கிறானா. கடைசிக் கேள்விக்கு அவள் சொல்லும் பதில்கூட அவனுடைய நோய்க்குறியாகவே பதிவாகும். அடி வாங்கிய உடம்பைப் பற்றி எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது.

நான் மருத்துவர் இல்லை. தமிழ் படித்தவள். திருக்கழுக்குன்றத்தில் எங்கள் தெருவுக்குப் பதினைந்து வருடமாக மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர், கூட்டிக்கொண்டு போன இடத்தில் எழுதிக்கொடுப்பதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று கேட்டதால் இந்தத் தாள்களுக்குள் வந்தேன். ஒன்றரை வருடம் அவரோடும் அவர் வீட்டுக்காரரோடும் மாதம் ஒரு முறை போய்வந்தேன். அக்காவின் பெயரும் குப்பமும் இங்கே வேண்டாம். போன இடத்தின் பெயரும் வேண்டாம். அங்கே நான் கண்டது அந்த ஓர் இடத்தோடு முடிகிற விஷயமாகத் தெரியவில்லை.

மாமல்லபுரத்திலிருந்து வரும் செங்கல்பட்டு பஸ்ஸில் அவர்கள் முன்பே ஏறியிருப்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா? அதனால் அக்காவுக்குச் செலவு இல்லை. அவருக்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டும், அதை எடுப்பதும் அக்காதான். அக்கா மடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ஓபி சீட்டு, போன மாதத்தின் காலி மாத்திரை அட்டைகள், அவருக்கு ஒரு மாற்றுச் சட்டை. காலி அட்டைகள் எதற்கு என்று முதல் தடவை கேட்டேன். "குடுத்தேன்னு காட்டணும்ல கண்ணு" என்றார்.

அங்கே கேட்கப்படும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். "மாத்திரை ஒழுங்கா குடுக்கிறீங்களாம்மா?" நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை அவருடையது. ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாய் அவர் மனைவி. நாள் தவறியிருந்தால் தவறியது அவர். மறுபடி குடித்துவிட்டு வந்திருந்தால், "நீங்க கவனிக்கலையா?" அதட்டலாக யாரும் கேட்பதில்லை. பரிவாகத்தான் கேட்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள்தான் கேட்கிறார்கள்.

புறநோயாளிச் சிகிச்சையை நான் குறை சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அடைத்துவைப்பதற்கு எதிராக வந்த முறை அது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். ஓட முடியாமல் செத்தார்கள். அதை நினைவில் வைத்திருக்கும் யாரும் வீட்டிலிருந்தபடியே மருந்து வாங்கிச் சாப்பிடும் முறையைத்தான் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். என் சந்தேகம் 'வீடு' என்ற சொல்லின் மேல். மருத்துவமனையின் சுவரை எடுத்தவுடன் அங்கே இருந்த வேலைகள் எல்லாம் எங்கே போயின? மருந்து எடுத்துக் கொடுப்பவர், இரவில் காவல் இருப்பவர், வாந்தியைத் துடைப்பவர், சோறு ஊட்டுபவர், குறிப்பு எழுதுபவர் என்று ஐந்து ஆள் செய்த வேலை ஓர் ஆளிடம் வந்தது. சம்பளம் மட்டும் வரவில்லை.

குடியை நிறுத்தும் முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பூச்சி ஊர்வதுபோல் இருக்கும், நேரம் இடம் தெரியாமல் போகும்; அது உயிரையே எடுக்கக்கூடிய கட்டம். இந்த வாரத்தை வீட்டிலேயே கழிக்க விடலாமா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் சில விஷயங்களைப் பார்ப்பார்கள். முன்பு வலிப்பு வந்ததுண்டா, வேறு பெரிய வியாதி இருக்கிறதா. கூடவே, வீட்டில் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா. இந்தக் கடைசி நிபந்தனையை ஒரு பெண்ணியவாதி எப்படிப் படிப்பார்? கண் விழித்துப் பார்த்து, அபாயம் எது என்று பிரித்தறிந்து, நள்ளிரவில் ஆட்டோ பிடிக்க வேண்டிய ஒருத்தி இருக்கிறாள் என்ற உறுதியின் மேல்தான் சிகிச்சை முறையே நிற்கிறது. மருத்துவச் செலவுக் கணக்கில் புறநோயாளிச் சிகிச்சை மலிவாகத் தெரிவதற்கு அவள் தூங்காத இரவுகளும் ஒரு காரணம். அக்கா அந்த வாரம் மீனுக்குப் போகவில்லை. ஏலத்தில் எடுத்த மீனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும், வட்டிக்கு வாங்கியதும் அப்படியே நின்றன.

பிறகு வருவது டைசல்பிராம். சாராயத்தைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது, பிறகு அந்த நச்சையும் உடைத்துவிடுகிறது. இந்த மாத்திரை இரண்டாவது வேலையைத் தடுத்துவிடும். மாத்திரை போட்டவர் குடித்தால் நச்சு உடம்பிலேயே தங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை இருக்கும். 1940களின் கடைசியில் டென்மார்க்கில் குடிநோய் மருந்தாகக் கண்டறியப்பட்டது. ஆபத்து இன்னதென்று தெரிந்து, ஒப்புக்கொண்டு போட வேண்டிய மாத்திரை. யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது போட்டால்தான் பலன் அதிகம் என்பதால், காலையில் மனைவி எதிரே போட வைப்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம்.

ஒரு நிமிடம் அந்தக் காலைக் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். விடிய நான்கு மணிக்குக் கடலுக்குப் போகிறவன். தண்ணீரும் மாத்திரையுமாக முன்னால் நிற்கிறவள். விழுங்கினானா, நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறானா என்று வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். நேற்றுவரை இவன் கையில் அடி வாங்கியவள் இன்று இவனுக்குக் காவல்காரி. இந்த அதிகார மாற்றம் அந்த வீட்டில் என்ன செய்யும் என்று கேட்க மருத்துவச் சீட்டில் இடம் இல்லை. அக்கா சொன்னது: "மாத்திரைய நீட்டும்போது என் கைதான் நடுங்கும். நடுக்கம் அவருக்கா எனக்கான்னு டாக்டருதான் சொல்லணும்."

பஸ் நிலையங்களில் ஒட்டியிருக்கும் இன்னொரு விளம்பரத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடிப்பவருக்குத் தெரியாமலேயே சாப்பாட்டில் கலந்து கொடுத்துக் குடியை மறக்கடிக்கலாம் என்று சொல்லும். அந்த விளம்பரம் முழுக்க முழுக்கப் பெண்ணோடு பேசுகிறது. அவள் பயத்தையும், அவளால் நேருக்கு நேர் எதையும் சொல்ல முடியாத நிலையையும், சமையல்கட்டு ஒன்றுதான் அவள் ஆட்சிக்கு உட்பட்டது என்பதையும் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறது. பொடியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாது. அது தெரியாமல் குழம்பில் போடுகிறவள், ஏதாவது ஆனால் விஷம் வைத்தவள் ஆகிவிடுவாள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமும் இந்த ஏமாற்று வியாபாரமும் எத்தனையோ விதத்தில் வேறுபட்டவை. இரண்டும் ஒரே ஆளைத்தான் வேலைக்கு வைத்திருக்கின்றன.

இந்த வேலைக்கு அவள் தகுதியானவளா என்று ஆராய்ந்த வரலாறும் உண்டு. 1953இல் அமெரிக்காவில் தெல்மா வேலன் என்ற சமூகப் பணியாளர் குடிநோயாளிகளின் மனைவிகளை நான்கு வகையாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். துன்பப்படும் சூசன், அடக்கியாளும் கேத்தரின், தடுமாறும் வின்னிஃப்ரெட், தண்டிக்கும் பாலி. தன் மனக்கோளாறுக்குத் தோதாகக் குடிகாரனைத் தேடித்தான் இவர்கள் கட்டிக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். எழுதியவரும் ஒரு பெண் என்பதை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடமே ஜோன் ஜாக்சன் என்ற இன்னொரு பெண், மனைவிகளின் குழுவில் உட்கார்ந்து கேட்டு எழுதினார்: இந்தப் பெண்களின் நடத்தை ஒரு நெருக்கடியைக் குடும்பம் படிப்படியாகச் சமாளிக்கும் விதம், பிறவிக் குணம் இல்லை என்று. ஜாக்சன் சொன்னதைத்தான் பிற்கால ஆய்வுகள் பெரிதும் ஏற்றன. ஆனால் ஜனங்களின் பேச்சில் ஜெயித்தது வேலன்தான். 1980களில் 'கோ-டிபெண்டன்ட்' என்ற சொல் வந்தது. 1986இல் மெலடி பீட்டி எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இன்று நம் ஊர் ஆலோசனை அறைகளிலும் அந்தச் சொல் நடமாடுகிறது. அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள், கடனை அடைக்காதீர்கள், நீங்கள் தாங்குவதால்தான் அவர் குடிக்கிறார்.

இதில் உண்மை துளியும் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் குழுக்களில்தான் எத்தனையோ பெண்கள் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஆனால் குப்பத்தில் கடனை அடைக்காமல் இருந்தால் கடன்காரன் வந்து நிற்பது அவள் வாசலில். வேலைக்குப் போகாதவனுக்காகப் படகு முதலாளியிடம் 'காய்ச்சல்' என்று சொல்லாவிட்டால் அந்த வாரப் பங்கு வராது. அமெரிக்க நடுத்தரக் குடும்பத்துக்காக எழுதிய அறிவுரையை இங்கே சொல்லும்போது அது இப்படி மாறிவிடுகிறது: மாத்திரை கொடுப்பதும் உன் கடமை, தாங்குவதும் உன் குற்றம். ஒரே மேசையில், ஒரே நாளில் இரண்டையும் கேட்டு வந்த அக்கா பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை.

தமிழ்நாட்டில் இந்தத் துறையைக் கட்டியவர்கள் யார் என்று பார்த்தால் வேதனை கூடுகிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்ட சாரதா மேனன் 1961இலிருந்து 1978வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைத் தலைமை ஏற்று நடத்தினார். 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் குடிநோய்ச் சிகிச்சைக்காக டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கி, அதில் குடும்பத்தினருக்கென்றே தனி நிகழ்ச்சி வைத்தார். மனைவியும் பாதிக்கப்பட்டவள் என்று இங்கே முதலில் உரக்கச் சொன்னவர்களில் அவர் ஒருவர். தெருவில் கிடந்த மனநோயுற்ற பெண்களுக்காக 1993இல் பேன்யனைத் தொடங்கிய வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண்கள். ஆக, இது பெண்கள் எழுப்பிய வீடு. அப்படியிருந்தும் கேஸ் ஷீட்டின் அந்த ஒரு வரி அப்படியே இருக்கிறது. நல்ல மனிதர்கள் வந்தால் மட்டும் படிவம் மாறிவிடாது போலும்.

எங்கள் பக்கத்துக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. திருப்போரூரில் ஸ்கார்ஃப் 1980களின் இறுதியிலேயே கிராமத்து மனநலப் பணியில் இறங்கிவிட்டது. பின்னாளில் அதே திருப்போரூர், கோவா, சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோய்க்கான ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மொத்தம் 282 பேர். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை. 187 பேருக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிப் போய்ப் பேசி, மருந்து சாப்பிடவும் வேலைக்குத் திரும்பவும் உதவும் முறை. ஒரு வருடத்தின் முடிவில் இரண்டாவது முறையில் பலன் மிதமாகக் கூடியிருந்தது. குறிப்பாக எங்கள் தமிழ்நாட்டுப் பகுதியில் நன்றாகத் தெரிந்தது.

இந்த முடிவை நான் பெண்ணியவாதியாகவே கொண்டாடுகிறேன். ஏன் என்றால், வீட்டுக்குள் நடக்கும் கவனிப்பும் ஒரு வேலை, பயிற்சியும் சம்பளமும் பெற்ற ஒருவர் அதைச் செய்தால் பலன் கூடும் என்பதை அது எண்ணிக்கையில் காட்டியது. வீட்டுப் பெண் செய்தவரை எந்த ஆய்விலும் அளவிடப்படாத ஒன்று, வெளியாள் வந்து செய்ததும் 'சிகிச்சை' என்று பெயர் பெற்றது. அப்படியானால் அதுவரை அவள் செய்ததற்கு என்ன பெயர்? 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறார்கள். அந்தப் பையில் மனநல மருந்தும், வந்து பார்த்துப் பேச ஓர் ஆளும் எங்கள் குப்பங்களுக்கு வருமானால் அக்காவுக்கு ஒரு நாள் வியாபாரம் மிஞ்சும்.

இனி தாளைத் திருப்பிப் பார்ப்போம். நோயாளி பெண் என்றால் என்ன ஆகிறது?

அப்போது தகவல் தந்தவர் கணவர், அல்லது மாமியார், அல்லது அப்பா. 'சரியாகச் சமைப்பதில்லை, குழந்தையைக் கவனிப்பதில்லை, எதிர்த்துப் பேசுகிறாள், சந்தேகப்படுகிறாள்' என்பன நோய்க்குறிகளாகப் பதிவாகும். சந்தேகம் நியாயமானதா என்பதையும் அந்தக் கணவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்! ஆணின் தாளில் சாட்சியாக இருந்தவள் தன் சொந்தத் தாளில் சாட்சி இல்லாமல் போகிறாள். இதை மருத்துவர்களின் கெட்ட எண்ணம் என்று சொன்னால் அநியாயம். மனச்சிதைவு முற்றிய நிலையில் நோயாளி சொல்வதோடு இன்னொருவர் சொல்வதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த இன்னொருவருக்கு அவளிடம் என்ன ஆதாயம் என்று கேட்கும் வரி தாளில் இல்லை என்பதுதான் என் புகார்.

ஸ்கார்ஃபின் ஆர்.தாரா, சாந்தா காமத், சுபா குமார் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இங்கே படிக்க வேண்டியது. மனச்சிதைவு வந்து, மணவாழ்க்கையும் முறிந்த பெண்களோடு பேசி எழுதியது. பலருக்குச் சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை. சும்மா பிறந்த வீட்டில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். மனநோயாளி என்ற பழியைவிட, வாழாவெட்டி என்ற பழியே அந்தப் பெண்களையும் அவர்கள் குடும்பத்தையும் அதிகம் வதைத்தது என்று அவர்கள் கண்டார்கள். குணமாவது என்றால் என்ன என்று அந்தப் பெண்களிடம் கேட்டால் திரும்பக் கூட்டிக்கொண்டு போவது என்று சொல்லக்கூடும். மாத்திரையில் அதற்கு வழி இல்லை.

இந்த ஆய்வைப் படித்த பிறகு கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே திருவிடந்தையைக் கடக்கும்போது எனக்குச் சிரிப்பும் துக்கமும் சேர்ந்தே வரும். சாலையின் ஒரு பக்கம் நித்தியகல்யாணப் பெருமாள். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை வாங்கிச் சாத்திச் சுற்றிவரும் கோயில். 'கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும்' என்று மறைத்துக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களின் பெற்றோரும் அங்கே நிச்சயம் வந்திருப்பார்கள். அதே ஊரில்தான் பேன்யனின் மனநலக் கல்விக்கழகம் இருக்கிறது. கல்யாணம் கைவிட்டவர்களைப் பற்றிப் படிக்கிற இடம்.

சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் கோவளம் பகுதியில் வேரூன்றிய பேன்யனின் பணியில் நான் அதிகம் மதிப்பது அதன் மருந்துச் சீட்டை அல்ல. 2015இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' என்ற ஏற்பாட்டை. பல வருடம் விடுதியிலோ மருத்துவமனையிலோ கிடந்த பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஊருக்குள் ஒரு சாதாரண வாடகை வீட்டில், உதவிக்கு ஓர் ஆளோடு குடியிருக்கிறார்கள். கணவனில்லை, மாமியாரில்லை. கடைக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கோலம் போடுகிறார்கள். வீட்டுக்கு அனுப்பு என்ற உத்தரவுக்கு, எந்த வீட்டுக்கு என்று திருப்பிக் கேட்ட ஏற்பாடு இது. புறநோயாளிச் சிகிச்சை என்றாலே குடும்பச் சிகிச்சை என்று ஆகிவிட்ட இடத்தில், குடும்பம் இல்லாமலும் வீடு இருக்கலாம் என்று காட்டியிருக்கிறது.

குடிக்கும் பெண்களைப் பற்றி எழுதவே எனக்குக் கொஞ்சம் தயக்கம். எழுதினால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். 2019இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி இந்தியாவில் ஆண்களில் 27.3 சதவீதம் பேரும் பெண்களில் 1.6 சதவீதம் பேரும் குடிக்கிறார்கள். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. அந்த ஒருவர் பெண்ணாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? சாதாரண ஆலோசகர்களே குடிநோய்க்கு உதவ முடியும் என்று கோவாவில் நிரூபித்த புகழ்பெற்ற ஆய்வில் இருந்த 377 பேரும் ஆண்கள். 2023 மே மாதம் எங்கள் மாவட்டத்துச் சித்தாமூர் பக்கமும் மரக்காணத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் செத்தபோது, செத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். உழைப்பு வலிக்குக் குடிக்கும் கூலிப்பெண்களை நாம் பிணமான பிறகுதான் எண்ணுகிறோம். அவர்களுக்குத் தகவல் தர யாரும் கூட வருவதில்லை. குடிக்கும் மனைவியைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு, மஞ்சள் பையில் மாத்திரை அட்டையோடு வந்த ஒரு கணவரை இந்த ஒன்றரை வருடத்தில் நான் பார்க்கவில்லை.

அரசைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2003இலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கிடம் இருக்கிறது. 2023-24இல் அதன் வழியே அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே அரசின் இன்னொரு கதவில்தான் அக்கா வரிசையில் நிற்கிறார்.

சட்டத்தில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் எல்லைக்குள் வைக்கிறது. அதன் 14ஆம் பிரிவு, வயது வந்த எவரும் தனக்கென ஒரு பிரதிநிதியைத் தானே எழுதி நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை, கணவராக இருக்க வேண்டியதில்லை. வெறும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நியமிக்காமல் விட்டால் வரிசைப்படி உறவினரிடம் போய்விடும். இதைப் படிக்கும் மாணவிகள் யாராவது ஒரு புறநோயாளிப் பிரிவின் சுவரில் இது தமிழில் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். அடிக்கும் கணவன் தன் மனைவியின் மனநோய்க்குப் பிரதிநிதி ஆகாமல் தடுக்க அந்த ஒரு தாள் உதவும்.

அக்காவின் வீட்டுக்காரர் இப்போது ஐந்து மாதமாகக் குடிக்கவில்லை. இதற்கு முன் இரண்டு தடவை விட்டுத் திரும்பக் குடித்தவர். கேஸ் ஷீட்டில் முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். அவர் தேறிய பிறகுதான் அக்காவுக்குப் படபடப்பு ஆரம்பித்தது. கூடையைத் தலையில் தூக்கினால் மூச்சு முட்டியது. இதய டாக்டர் ஒன்றும் இல்லை என்று அனுப்பினார். நான்தான் வற்புறுத்தி, அக்கா பெயரில் ஒரு ஓபி சீட்டு போடவைத்தேன். அவர் கடலுக்குப் போயிருந்தார்; தடைக்காலம் முடிந்து இரண்டாவது வாரம், யாரும் கரையில் இருக்கமாட்டார்கள். கூட வந்தவர் யார் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். உறவு என்ன என்றார்கள். நான் யோசிப்பதற்குள் அக்கா "தங்கச்சி" என்றார்.

உள்ளே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. பேனாவைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்டார், "இவங்களுக்கு எத்தனை நாளா தூக்கம் இல்ல?" எனக்குத் தெரிந்ததை நம்பத்தகுந்தபடி, போதுமானபடி சொன்னேன். "ஒரு ஆறு மாசமா இருக்கும் டாக்டர்."

அக்கா என் கைமேல் கை வைத்தார். "ஆறு மாசம் இல்ல கண்ணு. சுனாமி வருஷத்துலேந்து."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். தாளில் ஏற்கெனவே எழுதியிருந்த 'தங்கை' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, நாற்காலியை அக்கா பக்கமாகத் திருப்பிக்கொண்டார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவர் சிஸ்டரிடம் சண்டைக்கே போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் இருவருக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அன்று வேறு டிக்கெட் எதுவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.